பெயர் போடாத ஜெபச் சீட்டு

கும்பகோணத்தில் இன்று பெண்கள் கன்வென்ஷன். ஜெப விண்ணப்பத்தைப் பெயர் போடாமல் எழுதிப் பெட்டியில் போட்டால், மைக்கில் வாசிப்பார்கள். பெயர்தான் இல்லையே என்று தைரியமாக நானும் ஒன்று எழுதிப் போட்டேன்.

வாசிக்க வேண்டிய அக்கா வரவில்லை. மைக்கை என் மாமியாரிடம் கொடுத்துவிட்டார்கள்.

வீட்டில் மளிகைச் சீட்டு எழுதுவது நான்தான். என் கையெழுத்து அவருக்கு மனப்பாடம்.

பெட்டியைக் கிளறி முதல் சீட்டை எடுத்தார்.

“என் மருமகள் என்னிடம் முகம் கொடுத்துப் பேச ஜெபியுங்கள்.”

யார் வீட்டுப் பாவமோ என்று சத்தமாக ஆமென் சொன்னேன்.

ஏழெட்டுச் சீட்டு போயிற்று. அடுத்ததைப் பிரித்தவர் கண்ணாடியைச் சரிசெய்தார். என்னுடையதேதான்.

“என் மாமியார் என் சமையலை ஊரெல்லாம் குறை சொல்லாதிருக்க ஜெபியுங்கள்.”

ஒரு சொல் மாற்றாமல் வாசித்தார். பந்தலே ஆமென் என்றது. நான் பைபிளைத் திறந்து முகத்தை மறைத்துக்கொண்டேன்.

திரும்பும்போது குடவாசல் பஸ்ஸில் பக்கத்தில்தான் உட்கார்ந்தார். நாச்சியார்கோவில் தாண்டியதும் ஜன்னலைப் பார்த்தபடி சொன்னார்.

“மொத சீட்டுக்கு அவ்வளவு சத்தமா ஆமென் சொன்னியேம்மா. அது நான் எழுதுனது.”

இன்னும் இறங்கவில்லை. ராத்திரிச் சமையலும் நான்தான். கமென்டில் ஜெபியுங்கள், பெயர் போட்டே.