சம்மந்திக்குப் பத்தியம்

கமலாத்தாளுக்கு எதிலும் சந்தேகம் வந்ததில்லை. தவறுகள்தாம் அவ்வப்போது வந்தன. கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே, தென்னந்தோப்புக்கு நடுவில் இருந்த வீட்டில் அவர் வைத்ததே சட்டம். பிராய்லர் கோழி விஷம், நாட்டுக்கோழி மருந்து. சனிக்கிழமை முட்டை கூடாது. கேட்கிற பேரனைத் திட்டிக்கொண்டே ஆம்லெட் போட்டுத் தருவார்.

அப்பேர்ப்பட்டவருக்கு ஒரு மனக்குறை. பேரன் லோகேஷின் கல்யாணத்தில், ஆலப்புழைக்காரரான பெண்ணின் அப்பா சுகுணன், சைவ விருந்தை முடித்த கையோடு ஓட்டலுக்குப் போய் மீன் வறுவல் தின்றாராம். "நம்மூட்டுச் சோத்துல சம்மந்திக்கு வயிறு ரொம்பலீன்னா, அப்புறம் என்ன மரியாதைங்கறேன்?" ஒரு வருஷமாக இதே பேச்சு. ஆகவே சுகுணன் விருந்துக்கு வரும் நாளில், பேரன் மனைவி நிமியைக்கூட அடுப்படியில் அண்டவிடவில்லை.

சுகுணன் வெறுங்கையோடு வரவில்லை. தங்கள் ஊர்க் காயலில் அள்ளிய கக்கா என்னும் சிப்பியை, ஓட்டோடு ஒரு பை நிறைய, ஐஸில் புதைத்துக் கொண்டுவந்திருந்தார். கமலாத்தாள் திறந்து பார்த்தார். ஓடு, உள்ளே சதை. அவர் அறிந்த உலகத்தில் அது நத்தை. நத்தையை அந்தப் பக்கத்தில் யாரும் ருசிக்காகத் தின்பதில்லை, மூலத்துக்கு மருந்தாகத்தான். விருந்துக்கு வரும் இடத்துக்கும் மருந்தைச் சுமந்துவரும் அளவுக்கா மனிதருக்கு முற்றிவிட்டது? கேட்டால் சங்கடப்படுவார். கேட்காமல் செய்வதுதானே மரியாதை?

"தேங்காக் கொத்துப் போட்டு, மிளகாப்பொடி தூக்கலா வறுக்கணும் அப்பத்தா," என்றாள் நிமி வாசற்படியில் நின்று.

"உங்கப்பாவைக் கொல்லவா பாக்கறே? போ கண்ணு அக்கட்டால."

எல்லோர் இலையிலும் நாட்டுக்கோழி வறுவல் விழுந்தது. சுகுணனின் இலையை மட்டும் அது தாண்டிப் போயிற்று. அவருக்குச் சின்ன வெங்காயமும் சீரகமும் மிளகும் போட்டு, மிளகாயே காட்டாமல் வேகவைத்த கக்காச் சாறு. ஒரு சொம்பு மோர். நாற்காலியில் இலவம்பஞ்சுத் தலையணை வேறு.

லோகேஷ் மாமனாரின் இலையை எட்டிப் பார்த்தான். "அப்பத்தா, மாமாவுக்குக் கோழி?"

"அது சூடுடா."

"கோழிதான் மருந்தும்பீங்களே?"

"அது வேற சீக்குக்கு."

அப்புறமும் அவன் விடாமல் கேட்க, காதோடு ரகசியமாகச் சொன்னார். தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கிப் பழகிய தொண்டை. ரகசியம் மாட்டுக்கொட்டகை வரை கேட்டது. "மூலத்துக்குக் கோழி ஆவாதுடா! அவரே நத்தையைத் தூக்கிட்டு வந்திருக்கறாரு, பாவம்."

சிரித்ததில் நிமிக்குப் புரையேறியது. "ஐயோ அப்பத்தா, அது எங்கூர்ல சும்மா தின்கிற பண்டம்!"

கமலாத்தாள் சம்மந்தியின் இலையைப் பார்த்தார். ஒரு வருஷமாகக் காத்திருந்த மரியாதை, மிளகாயில்லாமல் அந்த இலையில் கிடந்தது. கோழிச் சட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். "ஏனுங்க சம்மந்தி, தப்பா நெனச்சுக்காதீங்க..."

சுகுணன் மட்டும் சிரிக்கவில்லை. இலையைக் கையால் மறைத்தார். "கோழி வேண்டாம், அம்மே. சாறு இன்னும் கொஞ்சம் உண்டோ?"

சாற்றுச் சட்டி காலியாகும் வரை குடித்தார். தலையணையும் இடம் மாறவில்லை. கிளம்பும்போது, கார் அருகே யாருமில்லாத நேரம் பார்த்துக் குரலைத் தணித்தார்: "எத்தனை நாள் குடிக்கணும், அம்மே?"

கமலாத்தாள் சொன்னார். ஆயுளில் முதல்முறையாக, பக்கத்தில் நின்ற கன்றுக்குட்டிக்கும் கேட்காத குரலில்.

உள்ளே பேரன் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தான்.

"சம்மந்தி வயிறார உண்டுட்டுத்தான் போறாரு," என்றார் கமலாத்தாள். "பல்லைக் காட்டாம எலையை எடு."