கோடி பார்க்கக் கூப்பிட்டவர்

வாடகை குறைவு என்று பாகூரில் எங்கள் பக்கத்து வீட்டுக்குக் குடிவந்த வெள்ளைக்காரர், கைலியை மடித்துக் கட்டி, தலையில் ஹெல்மெட்டோடு சைக்கிள் மிதிப்பார். மழைக்காலத்தில் தினமும் காலையில் ஏரிக்குப் போய், தண்ணீர் ஏறிய உயரத்தை மதகுச் சுவரில் சாக்பீஸால் குறித்துவிட்டு வருவார்.

ஒருநாள் நான் வேலைக்குக் கிளம்பும்போது எங்கள் கேட்டைப் பிடித்து உலுக்கினார். உடம்பெல்லாம் சேறு.

"இன்னாப்பா பண்ற? ஏரி ரொம்பிடுச்சு! கோடி போவுது, வா!"

எங்கள் தெருவில் பொறுக்கிய தமிழ். பஸ்ஸை விட்டுவிட்டு அவர் பின்னால் ஓடினேன். நிறைந்த ஏரி, மிகுதி நீர் வழியும் கோடியின் கற்சுவரைத் தாண்டி நுரைத்துக் கொட்டிக்கொண்டிருந்தது. கைக்குழந்தையோடுகூட ஆட்கள் வந்திருந்தார்கள். அவர் முழங்கால் தண்ணீரில் இறங்கிக் குதித்தார்.

களையெடுக்கப் போய்க்கொண்டிருந்த அக்கா ஒருவர் நின்று சிரித்தார். "இன்னா சார் இந்தக் குதி குதிக்கிறீங்க? உங்கூர்ல தண்ணியே இல்லியா?"

"நிறைய இருக்குதுக்கா. ஆனா ரொம்பினா யாரும் பாக்க வர மாட்டாங்க."

அக்கா தூக்குவாளியைக் கரையில் வைத்துவிட்டுத் தானும் இறங்கினார். நானும் செருப்பைக் கழற்றினேன்.

இந்த ஊரிலேயே பிறந்த நான், ஏரி கோடி போன செய்தியை அதுவரை பஸ்ஸில்தான் கேட்டிருக்கிறேன். அதை இன்னும் அவரிடம் சொல்லவில்லை.