அக்கா விட்ட இடைவெளி

இரண்டு பொத்தான்களையும் சேர்த்து அமுக்கினால்தான் எங்கள் வீட்டு டேப் ரெக்கார்டர் பதிவு செய்யும். ‘டக்’கென்று ஒரு சத்தம், அப்புறம் சூடான பிளாஸ்டிக் வாசனை, அதற்கப்புறம் என் குரல். எப்போதும் என் குரல்தான். அப்பா ‘சொல்தா’, அதாவது பிரெஞ்சு ராணுவத்தில் சிப்பாய். எங்களைப் போன்ற சொல்தா வீடுகளில் கடிதத்துக்குப் பதிலாக மாதம் ஒரு கேசட்டில் பேசி பிரான்சுக்கு அனுப்புவார்கள். ஒரு பக்கம் அம்மாவுக்கு, மறுபக்கம் எனக்கும் செலின் அக்காவுக்கும் பாதிப் பாதி என்பது பேச்சு.

நான் சேவல் மாதிரி கூவுவேன், வாத்தியார் மாதிரி இருமுவேன், பக்கத்து வீட்டு நாயோடு நடந்த சண்டையில் நான்தான் ஜெயித்ததாகப் புளுகுவேன். டேப் தீரப்போகும்போது அக்கா வந்து உட்கார்ந்து, “அப்பா, சாப்டீங்களா?” என்பாள், பிறகு ஒன்றும் பேசாமல் சுற்றுகிற கேசட்டையே பார்த்துக்கொண்டிருப்பாள். “அங்க ரொம்பக் குளிருதா?” மறுபடியும் மௌனம். கூட இருக்கும் அத்தைக்குப் பொறுக்காது.

“பையன் வாயத் தொறந்தா பாசம் கொட்டுது. இவளுக்கு ராங்கியப் பாரு, பெத்த அப்பன்கிட்ட ரெண்டு வார்த்த பேச வலிக்குது.”

நான் பாசக்காரன், அக்கா ‘ராங்கிக்காரி’ என்று வீடு முடிவுகட்டியது, தெருவும் ஒப்புக்கொண்டது. உண்மையில் யாராவது சும்மா இருந்தால் எனக்குப் பயம், அதை மறைக்கத்தான் அத்தனை கத்தல். பாசமாவது மண்ணாங்கட்டியாவது.

ஒரு மாதம் அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “இன்னிக்கு நான் பேசறப்ப மட்டும் வாயத் தொறக்காதடா” என்று கெஞ்சினாள். தலையாட்டினேன். “அப்பா, எப்ப வர்றீங்க?” என்று கேட்டுவிட்டு, வழக்கம்போல நிறுத்தினாள். ஐந்து விநாடி தாங்கியிருப்பேன். அப்புறம் குனிந்து நீளமாக ஒரு “மியாவ்”. அத்தை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க, நான் விடாமல் கத்த, கேசட் தீர்ந்துவிட்டது. அக்கா எழுந்து உள்ளே போனாள்.

அந்தக் கேசட் போய்ச் சேர்ந்த கொஞ்ச நாளில் அப்பா மாரடைப்பில் போய்விட்டார்; அங்கேயே அடக்கம். அவருடைய சாமான் பெட்டி மட்டும் வந்தது. உள்ளே நாங்கள் அனுப்பிய கேசட்டுகள் அடுக்கியிருந்தன. அம்மா பூட்டினாள், சாகும்வரை திறக்கவில்லை.

போன மாதம்தான், லாஸ்பேட்டையில் அக்கா வீட்டில் வைத்துத் திறந்தோம். என் மகன் எங்கிருந்தோ ஓடுகிற டேப் ரெக்கார்டர் ஒன்றைத் தேடிக்கொண்டு வந்தான். சேவல் கூவியது, என்னை நானே அறையலாம்போல இருந்தது. பிறகு அக்காவின் சின்னக் குரல்: “அப்பா, சாப்டீங்களா?”

‘டக்.’

“சாப்டேம்மா. நீ?”

அப்பா! அவள் விட்ட இடைவெளியிலெல்லாம் பொத்தான்களை அமுக்கி அவர் பதில் சொல்லிவைத்திருந்தார். “குளிரு கொல்லுதும்மா, நம்மூரு வெயில கொஞ்சம் அனுப்பு.” கேசட் கேசட்டாக இரண்டு பேரும் பேசிக்கொண்டே போனார்கள். வரும்போது அவள் கையில் கொடுக்கலாம் என்று வைத்திருந்தாரோ என்னவோ.

கடைசிக் கேசட். “அப்பா, எப்ப வர்றீங்க?”

‘டக்.’ “செலினம்மா, நான் வர்ற...”

‘டக்.’ மியாவ்.

பையனின் பூனையை அழிக்க மனசு வராமல் அங்கேயே நிறுத்தியிருக்கிறார்.

அத்தை இல்லை, அம்மா இல்லை, கேசட்டில் பேசி அனுப்பிய காலமும் இல்லை. அக்கா வெகுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை, வாழ்க்கையில் முதல் தடவையாக. அப்புறம் அவள்தான் சொன்னாள்:

“பூன சத்தம் நல்லாத்தான்டா பண்ணியிருக்க.”