அடைப்புக்குள் ஒரு கூட்டல் குறி

எனக்கு எழுபத்து மூன்று வயது ஆகிறது. ஐந்து பேரை வளர்த்து ஆளாக்கினேன். நாலு பேர் நான் பெற்றது, ஒருத்தி என் நாத்தனார் விட்டுப்போன பிள்ளை. என் படிப்பு மூன்றாம் வகுப்போடு நின்றது. இருந்தாலும் இதை நானே என் கையால் எழுதுகிறேன். மூன்று நாளாகிறது.

கீரனூரில் எங்கள் வீடு. கடைசி மகன் கத்தாரில் இருக்கிறான். அவன் மனைவி முன்பு திருச்சிக்குப் பஸ்ஸில் போய்வந்த வேலையை இப்போது மாடி அறையில் கம்ப்யூட்டர் வைத்துப் பார்க்கிறாள். ஓர் ஆஸ்பத்திரியின் நோயாளிகள் விவரத்தை ஒரு கம்பெனியின் டேட்டாபேஸிலிருந்து இன்னொரு கம்பெனியின் டேட்டாபேஸுக்கு மாற்ற வேண்டும். டேட்டாபேஸிடம் எதைக் கேட்டாலும் எஸ்.க்யூ.எல். என்ற பாஷையில்தான் கேட்க வேண்டுமாம். பாஷை ஒன்று, வழக்கு மட்டும் கம்பெனிக்குக் கம்பெனி வேறு. பழைய வழக்கில் எழுதியதைப் படித்துப் பிரித்து, புது வழக்கில் தருவதற்கு பார்சர் என்று ஒரு புரோகிராம் வைத்திருந்தாள். அதை யாரும் காசில்லாமல் எடுத்துக்கொள்ளலாம், உள்ளே திறந்து திருத்தவும் செய்யலாம். விளங்கும்வரை கேட்டுக்கொண்டே இருப்பேன். அவளும் சலிக்காமல் சொல்வாள்.

வெள்ளிக்கிழமைக்குள் முடிக்காவிட்டால் வேலை சென்னைக்காரர்களுக்குப் போகும், அவளும் சென்னைக்கு வந்துவிட வேண்டும் என்று மேனேஜர் சொல்லிவிட்டார்.

“நான் சென்னைக்கும் போறதா இல்ல அத்தை, வேலையை விடுறதாவும் இல்ல” என்றாள்.

புதன்கிழமை பார்சர் ஒரே இடத்தில் நின்றுகொண்டது. அடைப்புக்குள் ஒரு கூட்டல் குறி. பழைய கம்பெனியின் வழக்கில் மட்டும் இருக்கும் குறி. அது வந்த இடமெல்லாம் படிக்க மாட்டேன் என்றது.

எனக்குப் பேப்பர் படிக்கும் வழக்கம் உண்டு. தெரியாத வார்த்தையை விட்டுவிட்டு மேலே போவேன், சேதி பிடிபட்டுவிடும். அதையே அவளிடமும் சொன்னேன். “படிக்க வரலேன்னா அதை எடுத்துட்டுப் போ ஆத்தா. மத்தது இருக்குல்ல?”

களைத்திருந்தாள். அந்தக் குறியை எடுத்துவிட்டு ஓட்டிப் பார்த்தாள். பார்சர் தண்ணீராய் ஓடியது. எல்லாம் முடிந்தது என்று மேனேஜருக்கு மெயிலும் போட்டாள். அன்று எனக்கு ஏக இறுமாப்பு.

மறுநாள் காலை பழைய பட்டியலையும் புதுப் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தவள் என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். சர்க்கரை நோயாளிகள் பட்டியல் அது. பழையதில் எல்லார் பேரும் இருந்தது. அந்த மாதம் ஆஸ்பத்திரிக்கு வராதவர்களுக்கு எதிரே மட்டும் தேதி இல்லாமல் வெறுமையாக இருந்தது. புதியதில் வந்தவர்கள் மட்டுமே.

“வராதவங்க பேர் பூரா போச்சு அத்தை. போன் பண்ணிக் கூப்பிட வேண்டியதே அவங்களைத்தான். ஆள் வராட்டியும் பேரை வையின்னு சொல்றதுதான் அந்தக் குறி.”

யோசனை என்னுடையது என்றேன்.

“சொன்னது நீங்க. செஞ்சது நான்.”

மெயில் போய்விட்டது. பேசாமல் இருந்திருந்தால் உடனே யாருக்கும் தெரியாது. அவள் போனை எடுத்தாள். “நான் அனுப்புனது தப்பு சார், அந்தக் குறியை எடுத்தது நான்தான்” என்று மேனேஜரிடம் சொன்னாள். அவர் போட்ட சத்தம் எனக்கே கேட்டது. கெடு மாறாது என்று வைத்துவிட்டார்.

“மாற வேணாம்” என்றாள், வைத்த போனைப் பார்த்து.

பிறகு பார்சரைத் திறந்து உட்கார்ந்தாள். அந்தக் குறியை எப்படிப் படிப்பது, புது வழக்கில் எப்படிச் சொல்வது என்று அதற்குள்ளேயே எழுதினாள். மூன்று தரம் தப்பாய் வந்தது. சமையலை நான் பார்த்துக்கொண்டேன், யோசனை எதுவும் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை மூன்று மணி வாக்கில் கூப்பிட்டாள். நான் முழங்காலைப் பிடித்துக்கொண்டு மாடி ஏறினேன். திரையில் பேர்கள் திரும்பி வந்திருந்தன, பக்கத்தில் வெறுமையோடு. எழுத்துக்கூட்டி நாலு பேரை வாசித்தேன்.

சாயங்காலம் மேனேஜர் அடுத்த வேலையை அனுப்பினார். சென்னைப் பேச்சை அதன்பின் எடுக்கவில்லை. தான் எழுதியதை அந்த பார்சரை நடத்துகிறவர்களுக்கும் அனுப்பியிருக்கிறாள். எங்கேயோ வெளிநாட்டில் ஒருவர், பார்சர் அந்தக் குறியைச் சரியாகப் படிக்கிறதா என்று பார்க்க இன்னும் ஒரு சோதனை எழுதித் தரச் சொல்லிக் கேட்டிருக்கிறார். அதைத்தான் இப்போது எழுதுகிறாள்.

பேத்தி ஸ்கூல் விட்டு வந்துவிட்டாள்.

“இங்கிட்டு வந்து உக்காரு ஆத்தா. அப்பத்தா எழுதுனதைச் சத்தமா வாசி. தப்பு இருந்தா சொல்லு, நானே திருத்திக்கிறேன்.”