முகமூடிப் படமும் முகாம் குசினியும்

மெல்பர்னின் புறநகரான டண்டினொங்கில் வாடகைக்கு அறை பார்க்கப் போன ஞாயிறு மத்தியானம், நான் அழைப்பு மணியைத் தொடும் முன்பே உள்ளே ஒரு பெண் அலறினாள். உயிர் போகிற அலறல். குடும்பத்தின் முதல் பட்டதாரி என்று ஊரே பேனர் வைத்து அனுப்பிய ஆள் நான்; ஓடலாமா என்று யோசித்து முடிப்பதற்குள் கதவு திறந்தது. ஐம்பது வயதுப் பெண்மணி ஒருவர் கையில் கத்தியோடு நின்றார்.

"பயப்படாதேங்கோ தம்பி, இஞ்ச ஒருத்தரையும் வெட்டேல்ல. படம் ஓடுது. நான் வெண்டிக்காய் வெட்டினனான்."

அவர்தான் இரஞ்சிதம்; அந்த அறையை நான் எடுத்துக்கொண்டேன். கிளிநொச்சிப் பக்கம் பிறந்து, படகில் வந்து, எட்டு வருடம் கோழித் தொழிற்சாலையில் நின்று கால் வீங்கியவர். பிறகு கிடைத்தது இப்போதைய வேலை. ஒன்றரை மணிநேரத் தொலைவில், ஏரிக்கரையில், பள்ளிப் பிள்ளைகள் வந்து தங்கும் முகாமின் குசினியில் சமையல். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருந்தால் முகமூடிக் கொலைகாரன் படம்தான் பார்ப்பார்.

எல்லாப் படத்துக்கும் கதை ஒன்றே. கோடை விடுமுறை, ஏரி, முகாம், பத்து இளவட்டங்கள். வழியில் ஒரு கிழவர், "அங்கே போகாதீர்கள்" என்பார், சிரித்துவிட்டுப் போவார்கள். கார் கிளம்பாது. போன் எடுக்காது. 'பிரிந்து தேடுவோம்' என்று ஒருவன் சொல்வான், அதோடு அவன் கணக்கு முடிந்தது.

"விசரன், தனியப் போறான் பார்!" என்று இரஞ்சிதம் திரையைப் பார்த்துத் திட்டுவார்.

"அம்மா, நீங்களே ஒரு கேம்ப்பில வேலை செய்யிறீங்க. யூ ஆர் சோ வியர்ட்," என்பாள் மகள் லக்சிகா.

"உந்தப் படத்தில ஆர் சாவினம், எப்ப சாவினம் எண்டு முதலே தெரியும் பிள்ளை. தெரிஞ்சு பாக்கிறது ஒரு நிம்மதி."

முகாமிலும் அந்தச் சட்டங்களை அவர் விடவில்லை. காரை எப்போதும் சாலையைப் பார்த்தே நிறுத்துவார். விறகுக் கொட்டகைக்குத் துணையில்லாமல் போகமாட்டார். கூட வேலை செய்கிறவர்கள் கோடரியோடு பின்னால் வந்து நின்று கேலி செய்தாலும் கேட்கமாட்டார்.

அவர் சொல்லித்தான் இது எனக்குத் தெரியும்: போன வருடம் பிப்ரவரியில் ஒரு புதன்கிழமை. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் ஐம்பத்தெட்டுப் பேர், காலை பத்து மணிக்கு மலைக் குழு, ஏரிக் குழு என்று இரண்டாகப் பிரிந்து நடைப்பயணம் கிளம்பிப் போனார்கள். ஆளுக்கொரு பொட்டலம்: சாண்ட்விச், ஆப்பிள், மியூஸ்லி பார். அவர்கள் போனபின் குசினியில் காலிப் பெட்டிகளை மிதித்துத் தட்டையாக்கிக்கொண்டிருந்த இரஞ்சிதத்தின் கால் பாதியில் நின்றது.

மியூஸ்லி பார் பெட்டி இரண்டு. ஒரே பச்சை நிறம், ஒரே படம். முதல் பெட்டியில் இருந்த சின்ன எழுத்து இரண்டாவதில் இல்லை. அங்கே வேறு எழுதியிருந்தது. கஜு. முந்திரிப் பருப்பு.

சுவரில் ஒட்டிய பட்டியலில் மூன்றாவது பெயர் மியா. பத்து வயது. முந்திரி பட்டால் மூச்சு அடைத்துவிடும் என்று சிவப்பு மையில் எழுதியிருந்தது. காலையில் முதல் பெட்டியைத்தான் அவர் வாசித்தார். இரண்டாவதை வாசிக்கவில்லை.

மணி பத்து நாற்பது. பதினொன்றுக்குப் பிள்ளைகள் பொட்டலத்தைப் பிரிப்பார்கள்.

அலுவலகத்துக்கு ஓடினார். முகாமின் பொறுப்பாளன் கிரண், கோயம்புத்தூர்ப் பெற்றோருக்கு மெல்பர்னில் பிறந்தவன், கணினியிலிருந்து தலையைத் தூக்கினான்.

"கிரண், மியாட பொட்டலத்தில கஜு இருக்கலாம்! நிப்பாட்டுங்கோ!"

"டென்ஷன் ஆகாதீங்க ஆன்ட்டி. மியா மலை குரூப். அவளோட அலர்ஜி ஊசி டீச்சர்கிட்டயே இருக்கு."

படத்தில் வரும் கிழவர் பயமுறுத்துவாரே தவிர, காரணம் சொல்லமாட்டார். இரஞ்சிதம் பெட்டியை அவன் மேசையில் வைத்து எழுத்தின் மேல் விரலை ஊன்றினார். "இதை வாசியும். பதினொரு மணிக்குச் சாப்பிடுவினம். இப்ப கூப்பிடும்."

வாசித்ததும் கிரணின் முகம் மாறியது. வாக்கி டாக்கியில் மலைக் குழு ஆசிரியை உடனே கிடைத்தார். மியா அங்கே இல்லை. தோழியோடு சேர்ந்து ஏரிக் குழுவுக்கு மாறிவிட்டாள். அவளுடைய மருந்து ஊசி மட்டும் ஆசிரியையின் பையிலேயே இருந்தது. ஏரிக் குழுவைக் கூப்பிட்டால் இரைச்சல்தான் பதிலாக வந்தது.

முகாமில் அவசரத்துக்கு வைத்திருந்த ஊசிகள் இரண்டு. கிரண் ஒன்றை அவர் கையில் திணித்தான்.

"ஏரியோட எந்தப் பக்கம் உட்கார்ந்திருக்காங்கன்னு தெரியல. நான் படகுத்துறைப் பக்கம். நீங்க மரக்காட்டுப் பக்கம். பிரிஞ்சு போவோம் ஆன்ட்டி."

"பிரிஞ்சோ?"

அவன் அதற்குள் ஓடிவிட்டான்.

இரஞ்சிதம் மரங்களுக்குள் நுழைந்தார். யூகலிப்டஸ் மரங்களில் பட்டை உரிந்து துணிபோலத் தொங்கியது. காலடியில் சுள்ளி முறிகிற ஒவ்வொரு சத்தத்துக்கும் பின்னால் யாரோ வருவதுபோல் இருந்தது. வலப்பக்கம் புதர் அசைந்தது. ஒரு குட்டிக் கங்காரு அவரை முறைத்துவிட்டுத் தாவிப் போனது. படத்தில் ஓடுகிறவள் கட்டாயம் இடறி விழுவாள். இரஞ்சிதமும் விழுந்தார். முழங்கால் கிழிந்தது. ஊசியை மட்டும் கை விடவில்லை.

அப்போது கேட்டது அலறல். ஒன்றல்ல, பத்துப் பதினைந்து குழந்தைகளின் அலறல்.

ஓடிப்போய்ப் பார்த்தால் திறந்த வெளி. ஒரு பையன் முகத்தில் துண்டைக் கட்டி, கையில் மரக்கிளையோடு துரத்துகிறான். தொட்டால் செத்துப்போக வேண்டும், அதுதான் விளையாட்டு. ஆளாளுக்கு நெஞ்சைப் பிடித்து, கத்தி, உருண்டு சாகிறார்கள். அவர்களோடு வந்த ஆசிரியர் தள்ளி, தண்ணீரோரம் குனிந்து ஒருவனின் காயத்தைக் கழுவிக்கொண்டிருந்தார்.

மரத்தடியில் மியா கிடந்தாள். சுற்றி நின்ற நாலு பேர் கைதட்டினார்கள். "மியாதான் பெஸ்ட்! நிஜம் மாதிரியே சாகிறா!"

சாகிற மற்ற எல்லோரும் கத்தினார்கள். மியா கத்தவில்லை. வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை. உதடு தடித்து, கழுத்தெல்லாம் திட்டுத் திட்டாகச் சிவந்திருந்தது. பக்கத்தில் பிரித்த பச்சை உறை.

"விளையாட்டில்ல! தள்ளுங்கோ! ஆம்புலன்ஸ்!"

தமிழில் கத்தியது அவருக்கே தெரியாது. கடைசிச் சொல் மட்டும் எல்லோருக்கும் புரிந்தது. ஆசிரியர் ஓடி வந்தார். இரஞ்சிதம் நீல மூடியைக் கழற்றி, செம்மஞ்சள் முனையை மியாவின் தொடையில் வைத்து அழுத்தினார். ஒன்று, இரண்டு, மூன்று. எழுந்திருக்க முயன்றவளைத் தோளைப் பிடித்துப் படுக்கவைத்தார். "இல்ல குஞ்சு, படுத்திரு. மூச்சை விடு. அன்ரி இஞ்சதான் நிக்கிறன்."

கையால் நெஞ்சைத் தொட்டுப் பார்த்தார். ஏறுகிறதா, இறங்குகிறதா என்றே தெரியவில்லை. ஐந்து நிமிடம் அப்படியே போனது. கிரண் மூச்சிரைக்க ஏரியைச் சுற்றி வந்து சேர்ந்தான். இரண்டாவது ஊசியும் போட்டார்கள். அதன் பிறகுதான் மியா இருமினாள், இருமி, அழுதாள். அந்த அழுகையைக் கேட்டபின்தான் இரஞ்சிதம் கையிலிருந்த காலி ஊசியைக் கீழே வைத்தார். ஆம்புலன்ஸ் வர இன்னும் இருபது நிமிடம் ஆனது.

அன்று மாலை விபத்து அறிக்கைத் தாளை நீட்டியபோது கிரண் மெதுவாகச் சொன்னான்: "சப்ளை பண்றவன் பெட்டியை மாத்தி அனுப்பிட்டான்னு மட்டும் எழுதுங்க ஆன்ட்டி. போதும்."

"அதையும் எழுதிறன். நான் வாசிக்கேல்ல எண்டதையும் எழுதிறன்."

"வேலை போயிடும்."

"போகட்டும். அந்தப் பிள்ளை போகேல்லத்தானே."

எழுதிக் கையெழுத்தும் போட்டார். விசாரணை முடியும்வரை மூன்று வாரம் வேலைக்கு வரவேண்டாம் என்றார்கள். வீட்டில் அந்த மூன்று வாரமும் அவர் டி.வி.யைப் போடவே இல்லை. பிறகு கூப்பிட்டார்கள்.

மியா இப்போது ஆறாம் வகுப்புப் படிக்கிறாள். இரஞ்சிதம் திங்கள் முதல் வெள்ளி வரை அதே முகாமில் சமைக்கிறார். அங்கே வருகிற ஒவ்வொரு பெட்டியையும் இப்போது இரண்டு பேர் சத்தமாக வாசித்த பிறகுதான் திறக்கிறார்கள்.