அக்காவின் கம்ப்யூட்டரில் ஒரு பூட்டு

எனக்கு அப்போது ஒன்பது வயது. கடலூர் முதுநகரில் இருந்தோம். அக்காவிடம் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. சிதம்பரத்தில் ரிப்பேர் கடை வைத்திருந்த மாமா, அம்மாவின் தம்பி, பழைய பாகங்களைக் கொண்டு சேர்த்துத் தந்தது. அக்கா பிறந்த அன்றே அவள் மாமாவுக்குத்தான் என்று பேசிவிட்டார்கள். காலேஜ் முடிந்ததும் வருகிற தையில் கல்யாணம். அதனால் கம்ப்யூட்டரை முதல் சீராகவே நினைத்து, வெள்ளிக்கிழமைகளில் அம்மா அதற்குக் குங்குமம் வைப்பாள்.

ஒரு மாதமாக அது தினமும் ஒரே தகராறு. பொத்தானை அழுத்தினால் நீலத் திரை வரும். டிஸ்க்கைச் சோதிக்கப்போவதாக இங்கிலீஷில் எழுதும். உடனே முடியவில்லை என்று தானே கைவிரித்துவிட்டு, வழக்கம்போலத் திறந்துகொள்ளும். வெடித்துவிடுமோ என்று பயந்து அப்பா மாமாவுக்குப் போன் போட்டார்.

"அதுபாட்டுக்கு ஓடுதுல்ல, மாமா எதுக்கு வரணும்?" என்று அக்கா இரண்டு நாள் சண்டை போட்டாள்.

"வெக்கத்தப் பாரு" என்று அம்மா சிரித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மாமா வந்தார். அம்மா அக்கா தலையில் பூவைச் சொருகி, காபி போடச் சொல்லி அடுப்படிக்கு விரட்டினாள். நான் மாமா பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன்.

முதலில் ஆன்ட்டிவைரஸை எடுத்துவிட்டு ரீஸ்டார்ட் செய்தார். அதே நீலம், அதே கைவிரிப்பு.

"ஏதோ ஒண்ணு டிஸ்க்க கெட்டியா புடிச்சிக்கிட்டிருக்கு பாப்பா. அது விட்டாத்தான் செக் பண்ண முடியும்."

உள்ளே இருந்த புரோகிராம்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தார். ஃபோல்டரைப் பூட்டி மறைத்துவைக்கிற புரோகிராம் ஒன்று அகப்பட்டது. அதை எடுக்கப் பாஸ்வேர்டு கேட்டது.

"உங்க அக்காவக் கூப்புடு."

"எனக்கே தெரியும் மாமா."

எட்டாவதோடு நின்று, இன்றுவரை ஊர் ஊராக வேலை மாறிக்கொண்டிருக்கிறவள் நான். பாடம்தான் ஏறாதே தவிர, அடுத்தவர் விரல் போகிற இடம் உடனே ஏறிவிடும். கிளாசில் ஒப்பிக்கிற மாதிரி சொன்னேன். "டி, ஏ, வி, ஐ, டி."

நாலு எழுத்து அடித்தவர் ஐந்தாவதில் நின்றார்.

"யாரு டேவிட்?"

"அக்காகூடப் படிக்கிற அண்ணன். பஸ்ஸுல நோட்டு குடுப்பாரே!"

மாமா கீபோர்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகு மிச்ச எழுத்தையும் அடித்தார். பூட்டு போனது. இத்தனை நாள் கண்ணில் படாத ஃபோல்டர் ஒன்று திரையில் வந்து நின்றது.

"தொறங்க மாமா, கேமா இருக்கும்."

"அது நம்மளுது இல்ல" என்று சொல்லி ரீஸ்டார்ட் கொடுத்தார்.

இந்தத் தடவை சோதனை ஓடியது. சதவீதம் ஒன்று ஒன்றாக ஏறுவதை அவர் கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். முப்பதைத் தாண்டும்போது அக்கா காபியோடு வந்தாள். திரையைப் பார்த்ததும் அவள் முகம் வெளுத்துவிட்டது.

"ஒரு லாக் கெடந்துச்சி, அதாலதான் தொல்ல" என்றார் மாமா. "பாஸ்வேர்டு கேக்கவே இல்ல, ஈசியா வந்துடுச்சி. உள்ள இருந்தது அப்படியே இருக்கு. நான் எதையும் தொறக்கல."

கேட்டதே, நான்தானே சொன்னேன் என்று வாயைத் திறந்தேன். மேசைக்கடியில் அவர் கால் என் காலை மிதித்தது. கொதிக்கக் கொதிக்க இருந்த காபியை ஒரே மூச்சில் குடித்துவிட்டுக் கிளம்பினார்.

பஸ் ஏற்றிவிட நான்தான் கூடப் போனேன். படியில் கால் வைத்தவர் திரும்பி, "பாஸ்வேர்டு சொன்னத யார்கிட்டயும் சொல்லாத. அக்காகிட்டயும்தான்" என்றார். தலையை ஆட்டினேன்.

அடுத்த வாரம் அம்மாவுக்குப் போன் செய்து கல்யாணம் வேண்டாம் என்றார். சொந்தத்தில் கட்டினால் பிறக்கிற பிள்ளைக்கு ஆகாதென்று டாக்டர் சொல்கிறாராம். "டாக்டரா? எவளையோ பாத்து வச்சிருக்கேன்னு சொல்லேண்டா!" என்று அம்மா போனிலேயே கத்தினாள், அழுதாள். இனி இந்த வாசலை மிதிக்காதே என்றாள். அக்கா கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் பல நாளாக இல்லாத ஒரு தெளிச்சி.

எனக்கும் உள்ளுக்குள் திருப்திதான். வேலையில் பாதி நான் செய்தது. பேர் மொத்தமும் தனக்கே வேண்டும் என்றுதானே மாமா என் வாயைக் கட்டினார்? நல்லா திட்டும்மா என்று நினைத்துக்கொண்டேன்.