ஃப்ரிட்ஜ் செருப்பு

ராஜா அண்ணாமலைபுரத்தில் எங்கள் ஃப்ளாட்டில் செருப்புகள் வாசலோடு நின்றுவிடும். ஒரு ஜோடிக்கு மட்டும் விதிவிலக்கு. நீல வார் வைத்த ரப்பர் செருப்பு. சமையலறையில் ஃப்ரிட்ஜுக்கு முன்னால் கிடக்கும். வெறுங்காலோடு கைப்பிடியைத் தொட்டால் விரல் நுனியில் சுரீரென்று ஒரு கடி. செருப்புப் போட்டுக்கொண்டால் ஒன்றுமில்லை. ரிப்பேர் செய்வதற்குப் பதிலாக நாங்கள் பழகிக்கொண்டோம். விருந்தினரிடம் மனைவி, "தண்ணி எடுத்துக்கோங்க, செருப்பு அங்கேயே இருக்கு" என்பாள். யாரும் காரணம் கேட்டதில்லை. ஏதோ ஆசாரம் என்று நினைத்திருக்க வேண்டும்.

மகள் எழுந்து நிற்கத் தொடங்கியதும் நிலைமை மாறியது. ஸ்டூல், சோபா, என் லுங்கி என்று எதைப் பிடித்தாவது நின்றாள். அடுத்தது ஃப்ரிட்ஜ் என்பதில் சந்தேகமில்லை. அதன் கதவில் ஒட்டியிருந்த காந்தத் தக்காளியைத் தரையிலிருந்தே முறைத்துக்கொண்டிருந்தாள்.

"அவளுக்கும் ஒரு ஜோடி வாங்கப்போறீங்களா?" என்று கேட்டுவிட்டு மனைவி ப்ளக்கைப் பிடுங்கினாள். மாவும் பாலும் எதிர்வீட்டுக்குப் போயின.

பட்டினப்பாக்கத்திலிருந்து எலெக்ட்ரீஷியன் வந்தார். ஃப்ரிட்ஜைப் போடச் சொன்னார். நான் செருப்பை நகர்த்திக் கொடுத்தேன்.

"இன்னா சார், எனக்கேவா?" என்று சிரித்தபடி கைப்பிடியைத் தொட்டவர், கையை உதறிக்கொண்டு பாத்திரம் கழுவும் தொட்டியருகே போய் நின்றார். பிறகு செருப்பைப் போட்டுக்கொண்டார்.

"உள்ள ஒயர் லீக்காவுது, அத்த மாத்திடலாம். ஆனா எர்த் ஒழுங்கா இருந்தா லீக்கானத மண்ணுக்கு இழுத்துக்கினு பூடும், உங்களக் கடிக்காது. எர்த் குழி எங்க சார் கீது?"

தரையில் குழாயைப் புதைத்து, சுற்றிலும் கரியும் உப்பும் கொட்டி மூடுவதுதான் எர்த் குழி. மண் ஈரமாக இருக்க அவ்வப்போது தண்ணீர் ஊற்ற வேண்டும். எங்கள் கட்டடத்தில் ஊற்றியவரை யாரும் பார்த்ததில்லை. மீட்டர் பெட்டியிலிருந்து இறங்கிய கம்பியைத் தொடர்ந்து போனோம். அது காம்பவுண்டு மூலையில் பிள்ளையாருக்கு அடியில் போய் மறைந்தது.

குடியிருப்போர் சங்கச் செயலாளர் வேட்டியைச் சரிசெய்தபடி இறங்கி வந்தார். மயிலாப்பூரில் பிறந்து வளர்ந்த பெரியவர். பிள்ளையாரை வைத்தவரும் அவரே.

"அங்க சிமெண்ட் மேடை தயாரா இருந்தது. குழியோட மூடின்னு யார் கண்டா? பிரதிஷ்டை பண்ணியாச்சு, இனிமே நகர்த்தப்படாது."

"உன் சாமிய நான் தொடல மாமா. அவருக்குக் கீழ தண்ணி எறங்கணும், அவ்ளோதான்" என்றார் எலெக்ட்ரீஷியன்.

குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்த மனைவி யோசித்தாள். "சங்கடஹர சதுர்த்திக்கு மறுநாள் மட்டும் ஷாக் அடிக்காது. நான் கவனிச்சிருக்கேன்."

செய்தித்தாளில் வேலை பார்க்கும் எனக்கு இது புதிய செய்தி. சதுர்த்தியன்று அங்கே குடம் குடமாக அபிஷேகம் நடக்கும்.

செயலாளரின் முகம் மலர்ந்தது. "பாத்தேளா, அவர் மகிமை!"

"மகிமைதான் மாமா. ஆனா ரெண்டு வெயிலுக்குக் காஞ்சி பூடுது."

"அப்போ அடுத்த சதுர்த்திக்கு நாலு குடம் கூட விட்டுடலாம்."

"என் பொண்ணு திதி பார்த்து ஃப்ரிட்ஜைப் பிடிக்க மாட்டா மாமா" என்றாள் மனைவி.

செயலாளர் குழந்தையைப் பார்த்தார். அது அவர் மூக்குக்கண்ணாடியைப் பிடுங்கக் கை நீட்டியது. பம்ப் அறைக்குப் பக்கத்தில் புதுக் குழி தோண்ட அங்கேயே சம்மதித்தார். எலெக்ட்ரீஷியனிடம் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்.

"மூடியைச் சாய்வா போடுப்பா. இல்லேன்னா யாராவது நாகரைக் கொண்டுவந்து வச்சுடுவா."

சாய்வாகவே போட்டார்கள். ஃப்ரிட்ஜில் ஒயர் மாறியது. மெயின் பெட்டியில், கசிவு வந்தால் தானே விழும் ட்ரிப் சுவிட்சும் வந்தது. எலெக்ட்ரீஷியன் சோதித்துவிட்டு, இந்த முறை வெறுங்காலோடு நின்று கைப்பிடியைப் பிடித்துக் காட்டினார். மனைவி செருப்பை ஓரமாகத் தள்ளிவிட்டுத் தானும் தொட்டாள். முதலில் புறங்கை, பிறகு உள்ளங்கை. ஒன்றுமில்லை. மகளைக் கீழே இறக்கிவிட்டாள்.

அவள் தவழ்ந்து போய், கதவைப் பிடித்து எழுந்து நின்றாள். தக்காளியை ஒருமுறை பார்த்தாள். பிறகு தொப்பென்று உட்கார்ந்து, நீலச் செருப்பை எடுத்துக் கடிக்கத் தொடங்கினாள்.